27 முறை செத்த பிள்ளைக்கு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஞாயிறு மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. போர் தண்ணீரில் உப்பு கூடிக்கொண்டே போகிறது, அது உனக்குத் தெரிந்த கதைதான்.

புதன்கிழமை ராத்திரி மருமகள் போன் போட்டாள். பத்து நிமிஷம் குழந்தையைப் பற்றிப் பேசினாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமா, நீங்களாவது சொல்லுங்க. முப்பத்தோரு வயசு ஆகுது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் கேம். ஞாயித்துக்கிழமை ஆனா காதுல மாட்டிக்கிட்டு ஒரே கத்தல்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அப்போதே உனக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். குரலில் சலிப்புதான் இருந்தது. "நான் எழுதுறேம்மா" என்று சொல்லி வைத்தேன். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று நாலு தடவை சொல்லித் தப்பித்துவிடுவாய். எழுதி முடித்ததும் உன் தங்கச்சி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். எழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் படித்துக்கொள்.

அறிவுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். 'வயதுக்குத் தகுந்தபடி நடந்துகொள்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால், எதிரே உன் அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக் கேண்டி கிரஷ் ஆடிக்கொண்டிருக்கிறாள். வாசலில் என் சைக்கிள் ஹேண்டிலில், சாயங்காலப் பெத்தாங்க் ஆட்டத்துக்காக மூன்று எஃகுக் குண்டுகள் பையோடு தொங்குகின்றன. இந்த வீட்டில் யார் யாருக்கு அறிவுரை சொல்வது?

அம்மா கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012-ல் வந்த ஆட்டமாம் அது. இவள் பிடித்தது கொரோனா சமயத்தில். இப்போது மூவாயிரத்துச் சொச்சம் லெவல். உன் கணக்கில் அதெல்லாம் ஓர் ஆட்டமே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கேள். அதில் மொத்தம் ஐந்து உயிர். ஐந்தும் போய்விட்டால் ஓர் உயிர் திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். பொறுக்க முடியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விருத்தாசலம் பெரியம்மா வீட்டுக்கும் நமக்கும் அந்த ஒன்றரைக் காணி விஷயத்தில் பேச்சு நின்று ஒன்பது வருஷம் ஆகிறது. உன் கல்யாணத்துக்குக்கூட மொய்க் கவர் மட்டும்தான் வந்தது, ஆள் வரவில்லை. போன மாசம் அம்மா போனை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனபோது திரையைப் பார்க்கிறேன்: பெரியம்மா ஓர் உயிர் அனுப்பியிருக்கிறாள். விசாரித்தால், மூன்று வருஷமாக நடக்கிறதாம். இவள் கேட்பாளாம், அவள் அனுப்புவாளாம். அவள் கேட்பாளாம், இவள் அனுப்புவாளாம். ஒரு வார்த்தை எழுதிக்கொண்டதில்லை. "என்னடி இது?" என்றேன். "பேசுறது வேற, உசுரு குடுக்கிறது வேற" என்று சொல்லிவிட்டு உளுந்து ஊறப்போடப் போய்விட்டாள்.

இதற்கு மேல் நான் என்ன அறிவுரை எழுதுவது, சொல்.

நீ முதன்முதலில் ஆடியது டிவி கேம். உனக்கு எட்டு வயது. தீபாவளி போனஸில் நேரு வீதியில் வாங்கியது. கூடவே ஒரு மஞ்சள் கேசட். மேலே '99999 இன் 1' என்று அச்சடித்திருந்தான். உள்ளே எண்ணினால் பத்து ஆட்டம் தேறாது, அதையே திருப்பித் திருப்பிப் பட்டியல் போட்டிருந்தான். கேசட் ஓடாவிட்டால் நீ அதை உருவி, நாதஸ்வரக்காரர் மாதிரி கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுவாய். ஊதினால் எச்சில் ஈரம்தான் படும், காண்டாக்ட் கெட்டுப்போகும், உருவித் திரும்பச் சொருகியதில்தான் அது சரியாகிறது என்று எத்தனையோ தடவை சொன்னேன். நீ கேட்டதே இல்லை. மற்ற எதைக் கேட்டாய்?

அந்த மாரியோ ஆட்டத்தைப் பற்றிப் போன பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னது இன்னும் மனசில் இருக்கிறது. 1985-ல் மியாமோட்டோவும் அவருடைய ஆட்களும் செய்த மொத்த ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டதாம். நீ அனுப்புகிற குழந்தை போட்டோ ஒன்று அதைவிடப் பெரிது. இடம் போதாததால் வானத்து மேகமும் தரைப் புதரும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். அத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டே வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

சரி, வேண்டாத விஷயத்துக்கும் வருகிறேன். 2012 பிப்ரவரி. உனக்குப் பிளஸ் டூ பரீட்சைக்கு ஒரு மாசம் இருந்தது. நைட் டியூட்டிக்குப் போகும்போது உன் ரூம் லைனுக்கான பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். கரண்ட் பில் கட்டாத வீட்டில் செய்கிற வேலையை என் வீட்டிலேயே செய்தேன். பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் பாதி ராத்திரியில் திரும்பி வந்தால், தெருமுனையிலிருந்தே உன் ஜன்னலில் நீல வெளிச்சம் தெரிகிறது. கட்டை என் பையில் இருக்கிறது, கரண்ட் எப்படி வந்தது? பலகையைத் திறந்தேன். பீஸ் பேஸின் இரண்டு முனைக்கும் நடுவில் மொட்டைத் தாமிரக் கம்பி. மூன்று இழை முறுக்கி, பேனா மூடியால் அழுத்தி மாட்டியிருந்தாய். நான் வைத்த தடையையும் இன்னொரு லெவல் என்று எடுத்துக்கொண்டுவிட்டாய் போலிருக்கிறது. அறைந்தேன்.

அந்த அறைக்கு இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. மொட்டைக் கம்பியைக் கையால் மாட்டியவனுக்கு அது வேண்டியதுதான். ஆனால் கூடவே ஒரு வார்த்தை சொன்னேன்: "ஆடியே கெடப்போற, உருப்படவே மாட்டே." அந்த வார்த்தையை இத்தனை வருஷம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ உருப்பட்டுவிட்டாய் என்பதற்காக இல்லை. எனக்கு அன்றைக்கு ஒரு விஷயம் புரியவில்லை, அதற்காக.

என் வேலை உனக்குத் தெரியும். 34 வருஷம் மின்துறை. ஹெல்பராகச் சேர்ந்து, லைன்மேன் ஆகி, ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனேன். லைன் கிளியர், அதாவது கரண்டை நிறுத்தியாச்சு என்ற அனுமதி, வாங்கியாச்சா, கம்பத்து ஏபி சுவிட்ச் திறந்திருக்கிறதா, எர்த் ராடு போட்டாச்சா, எவனாவது ஜெனரேட்டர் ஓட்டி லைனுக்குள் பேக் சப்ளை, பின்பக்கமாகக் கரண்ட், விடுகிறானா என்று அத்தனையும் பார்த்துவிட்டுத்தான் கம்பத்தில் கால் வைக்க வேண்டும். அப்படிப் பார்க்காமல் ஏறி உயிரோடு இறங்காதவர்கள் இரண்டு பேர்; இரண்டு பேரோடும் நான் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டிருக்கிறேன். 'அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சே அங்கே கிடையாது. தப்பு என்றால் எனக்கு அந்த ஒரு தப்புதான் தெரியும். தோற்றாலும் ஒன்றும் ஆகாத இடம் ஒன்று மனுஷனுக்கு வேண்டும், அதற்குத்தான் ஆட்டம் என்பது, நானும் குண்டு எடுத்துக்கொண்டு திடலுக்குப் போன பிறகுதான் புரிந்தது. முழுசாகப் புரிந்தது போன பொங்கல் விடுமுறையில்.

ஆற்றுத் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்த ராத்திரி. குழந்தை தூங்கிவிட்டது. நீ திண்ணையில் கொசுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு, கையில் பிடித்து கேம் ஆடுகிற அந்தக் கறுப்புப் பெட்டி, ஸ்டீம் டெக், அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்குத் தூக்கம் வரவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். எல்டன் ரிங், ஜப்பான்காரன் செய்த ஆட்டம் என்றாய். ஏற்கெனவே ஆடி முடித்ததுதான், இப்போது மறுபடி முதலிலிருந்து, கவசம் எதுவும் போடாமல் ஆடுகிறேன் என்றாய். கோட்டைக்குப் போகிற வழியில் மார்கிட் என்று ஒருவன், தலையில் கொம்பு, கிழிந்த போர்வை, கையில் தடி. முதல் அடியிலேயே உன்னைச் சாய்த்தான். சிவப்பு எழுத்தில் செத்தாய் என்று வந்தது. நீ ஒன்றும் சொல்லாமல் திரும்ப ஓடினாய். மறுபடி சாய்த்தான். "தோக்குறதுக்கா காசு குடுத்து வாங்குன?" என்று கேட்டேன். "ஆமாப்பா" என்றாய்.

தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தேன். எட்டு, ஒன்பது, பத்து. பன்னிரண்டாவது சாவில்தான் அவன் செய்கிற ஃபிராடு எனக்குப் பிடிபட்டது. அவன் தடியைத் தூக்கியதும் நீ உருண்டாய். அவன் தூக்கிய தடியை இறக்காமல் அப்படியே நிறுத்தி வைக்கிறான். நீ உருண்டு எழுந்து நிற்கும்போது நிதானமாக இறக்குகிறான். "தூக்கும்போது உருளாதடா, எறக்கும்போது உருளு" என்றேன். "தெரியும்பா, கை கேக்க மாட்டேங்குது" என்றாய். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று பட்டது. புதுசாக வந்த ஹெல்பர் பசங்களுக்கு நான் பெல்ட் மாட்டக் கற்றுக்கொடுத்தபோது அவர்களும் இதையேதான் சொன்னார்கள். மூளைக்குத் தெரிந்தது கைக்கு இறங்க நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கம்பத்தின் உச்சியில் கொடுக்க முடியாது. உன் திண்ணையில் கொடுக்கலாம்.

பத்தொன்பதாவது தடவையிலிருந்து நீ பின்னால் உருளாமல் அவன் பக்கமாகவே உருண்டாய். அடி உன் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. இருபத்தைந்தில் முக்கால்வாசி முடித்துவிட்டாய். இருபத்தேழாவது தடவை, அவனுக்கு ஒரே ஒரு அடிதான் பாக்கி, அப்போது போய்ச் செத்தாய். நான் "ஐயோ" என்று கத்தியதில் அம்மா எழுந்து வந்தாள். நீ சிரித்தாய். கோபத்தில் பெட்டியைத் தூக்கிப் போடவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. இருபத்தெட்டில் முடித்தாய். தங்க எழுத்தில் ஏதோ வந்தது. நீ என்னைப் பார்த்தாய். பிளஸ் டூ மார்க் ஷீட்டைக் கொண்டு வந்து கொடுத்தபோதுகூட உன் முகத்தில் அந்த வெளிச்சம் இல்லை.

எங்கள் குண்டு ஆட்டம் பிறந்த கதை உனக்குத் தெரியுமா? பெத்தாங்க் ஆட்டம் பிரான்சில் நீ இருக்கிற மார்செய்க்குப் பக்கத்தில் பிறந்தது. லா சியோத்தா, 30 கிலோமீட்டர்தான் இருக்கும். பழைய ஆட்டத்தில் ஓடி வந்து குண்டு எறிய வேண்டும். ழூல் லெனுவார் என்று ஒருவர், நல்ல ஆட்டக்காரர், முடக்குவாதம் வந்து ஓட முடியாமல் போய்விட்டது. ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டிய நிலை. 1907 வாக்கில் எர்னஸ்ட் பித்தியோ என்ற கூட்டாளி, இவருக்காகவே சட்டத்தை மாற்றினார்: தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், வட்டம் போட்டு அதற்குள் இரண்டு காலையும் சேர்த்து நின்றபடியே எல்லோரும் எறியட்டும் என்று. ஓட முடியாதவர் ஒருவருக்காக, ஓட முடிந்தவர்கள் எல்லோரும் காலைக் கட்டிக்கொண்டார்கள். ஆட்டத்தின் பெயருக்கே கால்கள் ஊன்றி நிற்பது என்றுதான் அந்த ஊர்ப் பேச்சில் அர்த்தமாம். அதைக் கப்பலேறிக் கொண்டு வந்து இங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம் சொல்தாக்கள் ஆடினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளோடு நான் ஆடுகிறேன். நீ பிரான்சில் உட்கார்ந்து ஜப்பான்காரன் ஆட்டம் ஆடுகிறாய், நான் புதுச்சேரியில் நின்று பிரெஞ்சுக்காரன் ஆட்டம் ஆடுகிறேன். இதில் யார் யாரைக் கேள்வி கேட்பது?

நீ கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடியதும் அதே மாதிரிதான். சும்மா போய்க் குண்டைக் கையால் இலக்கின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை. அதில் என்ன இருக்கிறது? வட்டத்துக்குள் நின்று, எட்டு மீட்டர் தள்ளிக் கிடக்கிற சுண்டைக்காய் அளவு மரக்குண்டின் பக்கத்தில் முக்கால் கிலோ எஃகை நிறுத்த வேண்டும் என்று நாமே ஒரு கஷ்டத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் அங்கே ஏதோ இருக்கிறது. (சுண்டைக்காய் என்றது சும்மா. எலுமிச்சம்பழத்தில் பாதி இருக்கும். தூரத்தில் நிற்கும்போது சுண்டைக்காயாகத்தான் தெரிகிறது.)

உன் தங்கச்சி யூடியூபில் இன்னொன்று போட்டுக் காட்டினாள். 1978-ல் நிஷிகாதோ என்ற ஜப்பான்காரர் செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ். வேற்றுக்கிரகக்காரர்கள் 55 பேர் வரிசையாக இறங்கி வருவார்கள், சுட வேண்டும். அந்தக் காலத்து சிப்புக்கு 55 பேரையும் வேகமாக நகர்த்தத் தெம்பு இல்லை. ஆட்கள் குறையக் குறைய லோடு குறைகிறது, மிச்சம் இருப்பவர்கள் ஓட்டம் பிடிக்கிறார்கள். கடைசி ஆள் பறக்கிறான். அதை அவர் திருத்தவில்லை, அப்படியே விட்டுவிட்டார். ஜெயிக்க ஜெயிக்க ஆட்டம் கஷ்டமாகிக்கொண்டே போகிறது. இதைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். ஃபீடரில், அதாவது தெருவுக்குக் கரண்ட் கொண்டுவரும் லைனில், லோடு குறைந்தால் வோல்டேஜ் ஏறும், தெருவெல்லாம் பல்பு பளிச்சென்று எரியும். அதை ஒருவர் விளையாட்டாகவே ஆக்கிவிட்டாரே!

யார் எதற்காக ஆடுகிறார்கள் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறதாம். ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இங்கிலாந்துக்காரர் 1996-ல் எழுதியது. கம்ப்யூட்டரில் பலர் சேர்ந்து ஆடும் எம்.யு.டி. என்ற பழைய ஆட்டத்தைச் செய்த இரண்டு பேரில் இவர் ஒருவர். ஆடுகிறவர்களைச் சீட்டுக்கட்டு மாதிரி நாலாகப் பிரிக்கிறார். டைமன், பாயின்ட் சேர்க்கிறவன். இஸ்பேடு, நோண்டிப் பார்க்கிறவன். ஆட்டின், ஆளுக்காக வருகிறவன். கிளாவர், அடுத்தவனை அடிக்கத்தான் வருகிறவன். எங்கள் திடலில் நாலும் உண்டு. ஒரு ரிட்டயர்டு வாத்தியார், 13 பாயின்டுக்கான ஆட்டத்தில் போன வாரத்து ஸ்கோர்வரை மனப்பாடமாகச் சொல்வார். இன்னொருவர் எறிவதற்கு முன் கூழாங்கல் ஒவ்வொன்றையும் குனிந்து பார்ப்பார். டீ வந்ததும் உயிர் வருகிற ஆளும் இருக்கிறார். ஒரு பழைய சொல்தா தன் குண்டை இலக்குப் பக்கம் கொண்டுபோவதே இல்லை, அடுத்தவன் குண்டைத் தூக்கி அடிப்பதற்கென்றே வருகிறார். நீ இஸ்பேடு, மார்கிட்டை முடித்த கையோடு கோட்டைக்குள் போகாமல், எங்கோ பள்ளத்தில் இறங்கி என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனாயே. நான் ஆட்டின் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கிளாவர் என்கிறாள்.

மருமகள் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக் கத்தலைப் பற்றி. இங்கே இருந்தபோது அடுத்த ரூமிலிருந்து அதையும் கேட்டேன், ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள். சிங்கப்பூரில் ஒருத்தன், துபாயில் ஒருத்தன், மூலக்குளத்தில் ஒருத்தன், எல்லாம் உன் பழைய தெருக் கூட்டாளிகள். நாலு கத்தலுக்கு நடுவில் துபாய்க்காரன் தன் அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததைச் சொன்னான். யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. "இடது பக்கம் பாரு" என்று ஒருத்தன் சொன்னான், அப்புறம் "வாரத்துக்கு எத்தனை தடவைடா?" என்று நீ கேட்டாய். ஆம்பளைகளை எதிர் எதிரே உட்காரவைத்துப் பேசச் சொன்னால் பேச்சு வராது. கை எதையாவது செய்துகொண்டிருந்தால் வரும். எங்கள் திடலிலும் அப்படித்தான். இதை மருமகளிடம் நீயே எடுத்துச் சொல். அவள் காதில் விழுவது கத்தல் மட்டும்தானே.

இவ்வளவும் உன் பக்கம் பேசிவிட்டேன். கொஞ்சம் அந்தப் பக்கமும் பேச வேண்டும்.

என்னோடு ஆடுகிற ஒருவரின் பிள்ளை போனில் ரம்மி ஆடி ஆறு லட்சம் விட்டான். அவர் மனையை விற்றார். ஒரு மாசம் திடலுக்கே வரவில்லை. வந்த பிறகும் குண்டைக் கையில் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் என்ற வார்த்தையே அவருக்குக் கசந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2022-ல் ஒரு சட்டம் போட்டார்கள், அது கோர்ட்டுக்குப் போய் வந்தது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசே தடை செய்து சட்டம் கொண்டு வந்தது. அவருக்கு மனை திரும்ப வரப்போவதில்லை. என் கணக்கு ரொம்பச் சின்னது: தோற்றால் நிஜமாகவே போய்விடும் என்றால் அது என் பழைய கம்பம்தான். அதற்கு ஆட்டம் என்று பெயர் வைத்து ஏமாற்றக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் பெட்டியைக் காசுக்கு விற்கிற ஆட்டங்களும் அந்த ஜாதிதான். 2018-ல் உன் பக்கத்து நாடு பெல்ஜியம் அதில் சிலவற்றைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. குழந்தை போன் பிடிக்கிற வயது வரும்போது இதில் ஒரு கண் வை.

அடிமை ஆகிவிட்டாயா என்று மருமகள் பயப்படுகிறாள். உலக சுகாதார நிறுவனம் இதை ஒரு கோளாறாக நோய்ப் பட்டியலில் சேர்த்திருப்பது உண்மை, 2022-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதில் தினம் இத்தனை மணி நேரம் என்ற கணக்கே இல்லை. நிறுத்த முடியவில்லையா, மற்ற எல்லாவற்றையும் ஆட்டம் பின்னுக்குத் தள்ளுகிறதா, கெடுதல் தெரிந்த பிறகும் தொடர்கிறதா, பொதுவாக ஒரு வருஷமாவது இப்படி நடக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நீ வேலைக்கு ஒழுங்காகப் போகிறாய், கடன் இல்லை. அந்தப் பட்டியலில் நீ இல்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒரு மணி வரைக்கும் என்பது அதிகம். காலையில் குழந்தையை யார் கிளப்புகிறார்கள்?

மருமகள் இன்னொன்றும் சொன்னாள். போன வாரம் குழந்தை எழுந்து அழுதபோது, "இந்த ஆட்டத்தை நிறுத்தி வைக்க முடியாது, ரெண்டு நிமிஷம்" என்றாயாம். நிறுத்தி வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், நீதான் திண்ணையில் சொன்னாய். அதற்கென்ன, செத்துப்போ. அந்தக் கொம்புக்காரன் அடிக்கட்டும் என்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போ. 27 தடவை செத்தவனுக்கு 28-வது தடவை என்ன கஷ்டம்? அங்கே சாவு இலவசம் என்பதால்தானே அது ஆட்டம்.

இதைத்தான் எழுத நினைத்தேன். எழுதி முடித்துவிட்டு உன் தங்கச்சியிடம் படிக்கக் கொடுத்தால், அவள் படித்துவிட்டு, "அப்பா, தானே புயல் சமயத்துல அவன் போட்ட ஆட்டம் உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது.

2011 டிசம்பர் 30. நமக்கும் கடலூருக்கும் நடுவில் கரை ஏறியது. நான் விடியற்காலை கிளம்பிப் போனவன், எத்தனை நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. வந்து குளித்துவிட்டு நாலு மணி நேரம் படுத்து எழுந்து மறுபடி போனேன். கம்பம் எல்லாம் சாய்ந்து கிடந்தது. வீட்டில் மெழுகுவர்த்திதான். அடுப்படித் தரையில் கரியால் ஆடுபுலி ஆட்டம் கோடு கிழித்திருந்ததைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. தரையை அசிங்கம் பண்ணியதற்குத் திட்டினேன் போலிருக்கிறது.

அது வெறும் ஆடுபுலி இல்லையாம். மூன்று புலி, பதினைந்து ஆடு வழக்கம்போல. ஆனால் பத்து நகர்த்தலுக்கு ஒரு தடவை புயல் வருமாம். புயல் வந்தால் ஒரு கோட்டை ஈரத்துணியால் அழித்துவிடுவீர்களாம், அந்த வழியே ஆடும் போக முடியாது, புலியும் போக முடியாது. அழிந்த கோட்டைத் திரும்பப் போடுவதற்கு என்று தனியாக ஒரு காய் வைத்திருந்தாயாம், ஒரு புளியங்கொட்டை. அது ஒவ்வொரு கட்டமாக நடந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் மறுபடி கோடு. தங்கச்சி புலி வைத்திருந்தாளாம். அந்தப் புளியங்கொட்டையை அடிக்கலாமா என்று கேட்டாளாம். கூடாது என்றாயாம். ஏன் என்று சண்டை போட்டாளாம். "அது லைன்மேன், அதை எந்தப் புலியும் அடிக்கக் கூடாது, அதான் ரூல்" என்று சொல்லிவிட்டாயாம்.

மணி நாலேகால். திடலில் ஆட்கள் வந்திருப்பார்கள். மருமகளுக்குத் தனியாக நாளைக்கு எழுதுகிறேன். குழந்தைக்கு என் முத்தம்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக லா சியோத்தா போய் வாருங்கள். அங்கே ஆடுகிற தரை என்ன மண், சரளை எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. இங்கே மழை பெய்த பிறகு குண்டு விழுந்த இடத்திலேயே புதைந்துகொள்கிறது.